நிற்கவும் தெரிய வேண்டும்

ஓடும் வண்டியைப் புகழாதவர் இல்லை. எவ்வளவு வேகம், எத்தனை மூட்டை ஏற்றும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பவர்கள் ஆயிரம் பேர். ‘நிறுத்தினால் நிற்குமா?’ என்று கேட்பவர் எத்தனை பேர்?

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் முன்னோர் மொழி. அச்சாணியின் பெருமையைச் சொன்ன நாம் முட்டுக்கட்டையின் பெருமையைச் சொல்ல மறந்துவிட்டோம். பங்குனி மாதம் மயிலாப்பூரில் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் மரக்கட்டையைச் செலுத்தித் தேரைத் திருப்புபவர்களும் நிறுத்துபவர்களும் ஒரு சிலரே. அந்தச் சிலர் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேருமா? வழக்குப் பேச்சில் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று அதைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தக் கட்டைதான் தேரையும் தெருவையும் காப்பாற்றுகிறது!

அன்புத் தோழியரே! எங்கள் வீட்டுப் பழைய பிக்கப் வண்டிக்கு நிற்கக் கற்றுக்கொடுத்த வரலாற்றை இங்கே எழுதுகிறோம். நாங்கள் இருவர், ஒருத்தி பதினோராம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. நந்தனத்தில், அண்ணா சாலையின் இரைச்சல் கொஞ்சம் அடங்கி ஒலிக்கும் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. அப்பா வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறார். அண்டா, குண்டான், மடக்கு நாற்காலி, மேசை, ஷாமியானா எல்லாம் எங்கள் கடையில் கிடைக்கும். அவற்றைச் சுமந்து செல்வது அந்தப் பிக்கப்தான். அதற்கு வயது 14. எங்கள் வீட்டில் அரிசி வேகுவதும், நாங்கள் பள்ளிக்கு வருவதும் அதன் முதுகின் மேல்தான்.

வண்டியும் கல்லும்

நம் சென்னை கடற்கரையோரச் சமவெளி. உதகையிலும் கொடைக்கானலிலும் கைப்பிரேக் இல்லாத வண்டியை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க முடியாது. இங்கோ வருடக்கணக்கில் வைத்திருக்கலாம், வண்டி கோபித்துக்கொள்ளாது. ‘கியரில் போட்டால் போதும்’, ‘சக்கரத்துக்கு ஒரு கல்லை வை’ என்று காலம் ஓடும். எங்கள் வண்டியிலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அது தெருவில் தேங்கிய தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. அதன் பிறகு கைப்பிரேக் பிடிப்பது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. இருக்கைக்கு அடியில் ஒரு கருங்கல் நிரந்தரமாகக் குடியேறியது. வண்டி நின்றதும் அப்பாவின் உதவியாள் அண்ணன் குதித்து இறங்கிக் கல்லை வைப்பார். கிளம்பும்போது எடுத்துப் போடுவார்.

ஒருநாள் மாலை பக்கத்துத் தெரு மண்டபம் ஒன்றின் சரிவான வாசலில், நாற்காலி ஏற்றிய வண்டி கல்லின் துணையோடு நின்றிருந்தது. பெரியவர்கள் உள்ளே பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடிய சிறுவர்களுக்கு ஸ்டம்புக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் வேண்டியிருந்தது. நல்ல கல்லாக ஒன்று சக்கரத்தின் அடியில் இருப்பதைக் கண்டார்கள்! எடுத்துக்கொண்டு போனார்கள். கியர் சற்று நேரம் வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு பாரம் தாங்காமல் வண்டி மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, சரிவில் இறங்கி, எதிர்ப்புற வேப்பமரத்தில் மோதி நின்றது.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் மரத்தடியில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நின்றிருந்தது. அது அப்பளம்போல் நசுங்கிவிட்டது. அந்தக் குழந்தையைப் பால் குடிக்க வரச்சொல்லி அதன் பாட்டி ஐந்து நிமிடம் முன்புதான் அழைத்துப் போயிருந்தாராம். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் எங்கள் நெஞ்சு நடுங்குகிறது.

அன்றிரவு அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து, “நாளையிலிருந்து இந்த வண்டி கல்லை நம்பி நிக்கக் கூடாதுங்க. சரி பண்ற வரைக்கும் வாசலை விட்டு எடுக்க வேணாம்” என்றார். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் அந்தக் குழந்தைக்குப் புதிய சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்.

சட்டமும் அம்மாவின் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 126-ஆம் பிரிவு இதையே கூறுகிறது. உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ, வண்டி தானாக நகராதபடி பார்த்துக்கொண்ட பிறகே பொது இடத்தில் அதை விட்டுச் செல்ல வேண்டும். மேலும் எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். இதைத்தான் எல்லோரும் ‘எஃப்.சி.’ என்கிறார்கள். எங்கள் வண்டிக்கு எஃப்.சி. அடுத்த மாதம்! கைப்பிரேக் பிடிக்காவிட்டால் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் தொழில் இல்லை.

ஒன்பதாயிரத்து நானூறு

அப்பா ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தார். இரண்டு கேபிள், நான்கு பிரேக் ஷூ, நடுவில் உள்ள பாகங்கள், கூலி எல்லாம் புதிதாகச் சேர்த்து ரூ.9,400 ஆகும் என்றார்கள். அவர்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் அது முகூர்த்தம் இல்லாத மாதம். பாத்திரங்கள் பரணில் உறங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு நண்பர் மறு துருவத்திலிருந்து யோசனை சொன்னார்: “அடியில ஒரு நட்டு இருக்கும். அதை நாலு சுத்து முறுக்கினா பிரேக் பிடிச்சுக்கும். நூறு ரூபா கொடு, போதும்.”

ஒன்பதாயிரத்து நானூறுக்கும் நூறுக்கும் நடுவில் நின்று நாங்கள் விழித்தபோது, திண்ணையிலிருந்து தாத்தா பேசினார். தாத்தா 28 ஆண்டுகள் பாடியில் ஒரு சிறு பட்டறையில் பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடி என்றால் சும்மா இல்லை! 1962-ல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் தோன்றிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் வேரூன்றிய இடம் அது. நாடெங்கும் ஓடும் வண்டிகள் நிற்பதில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

“நட்டை முறுக்கறது வைத்தியம் இல்ல, வலி மாத்திரை. வியாதி எங்கேன்னு முதல்ல பார்ப்போம். பாப்பா, ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கிட்டு வாங்க” என்றார் தாத்தா.

உள்ளே நடப்பது என்ன?

கால் பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. கைப்பிரேக்கோ கம்பியின் இழுவிசையால் வேலை செய்கிறது. திரவம் கசிந்தாலும் கம்பி தன் பிடியை விடாது. இரவு முழுவதும் வண்டியைக் காக்க வேண்டிய காவலாளி இப்படித்தான் இருக்க வேண்டும் அல்லவா?

பிடியை மேலே இழுக்கும்போது ‘டிக், டிக்’ என்று ஓசை வருகிறதே, அது பல்வரிசை மேல் ஒரு சிறு கொண்டி ஏறும் ஓசை. ஒவ்வொரு பல்லிலும் கொண்டி விழுந்து, கம்பி பின்வாங்காதபடி தடுக்கிறது. நியூயார்க்கில் 1854-ல் எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு மேடையில் ஏறி நின்று, தன்னைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்து, தன் மின்தூக்கி கீழே விழாது என்று ஊருக்குக் காட்டினார். அவரைக் காப்பாற்றியதும் பல்வரிசையில் போய்ச் சிக்கிக்கொண்ட கொண்டிதான்! அன்று முதல்தான் மக்கள் மின்தூக்கியை நம்பி ஏறத் தொடங்கினார்கள்.

பிடியிலிருந்து வரும் ஒரு கம்பி, வண்டியின் அடியில் ஒரு சிறு இரும்புத் துண்டில் இணைகிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கேபிள்கள் இரு பின்சக்கரங்களுக்கும் போகின்றன. தாத்தா அதற்கு ‘நுகம்’ என்று பெயர் வைத்தார். இரண்டு மாடுகளுக்கும் பாரத்தைச் சமமாகப் பங்கிடும் நுகத்தடிபோல, இதுவும் இழுவிசையை இரு சக்கரங்களுக்கும் பங்கிடுகிறது. சக்கரத்துக்குள் டிரம் என்னும் இரும்புப் பானை இருக்கிறது. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் உள்ளன. கேபிள் இழுத்ததும் உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து, ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்தான் உரசிப் பிடிக்கிறது.

இயற்பியல் வகுப்பில் படித்த நெம்புகோல் விதியை நாங்கள் இங்கே சோதித்துப் பார்த்தோம். எங்கள் வண்டியில் பிடியின் நீளம் 30 செ.மீ.; கம்பி இணையும் இடம் சுழலும் அச்சிலிருந்து 5 செ.மீ. ஆகவே விசை 6 மடங்காகிறது. 20 கிலோ விசையோடு இழுத்தால் கம்பியில் 120 கிலோ. நுகம் அதை 60, 60 ஆகப் பிரிக்கிறது. டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் அதை 4 மடங்காக்குகிறது. உராய்வில் போவது போக, ஒவ்வொரு பக்கமும் 240 கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசை! எட்டாம் வகுப்புச் சிறுமியின் கைகூட ஒரு வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பதைப் பாடப் புத்தகம் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பிக்கப் சொன்னபோது நம்பினோம்.

தாத்தாவின் வகுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. சைதாப்பேட்டையிலிருந்து தாத்தாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் வந்தார். முதல் பாடம் பாதுகாப்பு. பின்சக்கரங்களைக் கழற்றப் போகிறோம்; கைப்பிரேக்கையும் தளர்த்த வேண்டும். அப்படியானால் வண்டியை எது பிடித்திருக்கும்? முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவ மரக்கட்டைகளை வைத்தோம். சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இறக்கினார்கள். “ஜாக்கி தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு இல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி எவனும் அடியில போகக் கூடாது” என்று தாத்தா மும்முறை சொன்னார்.

இரண்டாம் பாடம் எண்ணுதல். எங்களில் ஒருத்தி உள்ளே அமர்ந்து பிடியை இழுத்தாள். “எத்தனை சத்தம் வந்துச்சு?” என்றார் தாத்தா. பதினான்கு! நல்ல நிலையில் உள்ள வண்டியில் பொதுவாக 5 முதல் 8 சத்தத்துக்குள் பிடித்துவிட வேண்டுமாம். மற்றவள் பக்கவாட்டில் குனிந்து, டார்ச் ஒளியில் கேபிள்களைக் கவனித்தாள். இடது கேபிள் அசைந்தது. வலது கேபிள் அசையவே இல்லை. நுகம் ஒருபுறமாகச் சாய்ந்து நின்றது. ஒரு மாடு படுத்துக்கொண்டால் நுகம் என்ன செய்யும்?

மூன்றாம் பாடம் தூசி. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. உதவியாள் அண்ணன் ஊத வாயைக் குவித்தார். தாத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காக்கைகள் எழுந்து பறந்தன! பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கினால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். தாத்தாவோடு வேலை செய்தவர்களில் சிலர் கடைசிக் காலத்தில் மூச்சுவிடவே பட்ட பாட்டை அவர் பார்த்திருக்கிறார். எனவே ஊதக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் தட்டவும் கூடாது. எங்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, அவரே முகமூடி அணிந்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, அத்துணியை ஒரு பையில் கட்டி ஒதுக்கினார். அதன் பின்பே எங்களுக்கு அனுமதி கிடைத்தது.

வியாதி இப்போது வெளிப்பட்டது. நான்கு ஷூக்களிலும் லைனிங் தேய்ந்து, ரிவிட்டின் தலை தெரியும் நிலைக்கு வந்திருந்தது. வலது கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டியதும் அது நகரத்தான் செய்தது. ஆனால் வெளியே இழுத்துப் பார்த்தால் மூன்று இழைகள் அறுந்திருந்தன. திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன. நுகத்தின் திருகு தண்டும் துருவேறி மரை அழிந்திருந்தது. இடது கேபிள், பிடி, பல்வரிசை, கொண்டி, டிரம்கள் யாவும் நலம்.

அந்த நூறு ரூபாய் யோசனையின் குறையும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. லைனிங் தேய்ந்ததால் ஏற்பட்ட இடைவெளியைக் கம்பியை முறுக்கி மறைக்கலாம். நான்கு நாள் பிடிக்கும். ஆனால் உள்ளே உள்ள நெம்புகோல் எப்போதும் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். ஷூ உரசிக்கொண்டே ஓடும், டிரம் சூடேறும், டீசலும் வீணாகும். அறுந்த மூன்று இழைகளோடு நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து, ஒருநாள் சரிவில் நிற்கும்போது கம்பி முழுவதும் அறும். நோய் குணமாகியிராது, நோய் இருப்பது நமக்குத் தெரியாமல் மட்டும் போயிருக்கும்!

சிக்கனம் எது, கஞ்சத்தனம் எது?

தாத்தா எங்கள் நோட்டில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்: ‘தேயும் பொருளைப் பழையதாக வாங்காதே, தேயாத பொருளைப் புதியதாக வாங்காதே.’ இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சென்னையின் இரண்டு கடைத்தெருக்களைச் சுற்றி வந்தோம்.

முதலில் புதுப்பேட்டை. எழும்பூரை அடுத்து, கூவம் ஆற்றங்கரையில், பழைய வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்து கிடக்கும் தெருக்கள்! கதவு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். ஒரு காலத்தில் எங்கெங்கோ ஓடிய வண்டிகள் இங்கே பிரிந்து, வேறு வண்டிகளுக்குள் மீண்டும் உயிர்பெறப் புறப்படுகின்றன. ஒரு கடைக்கார பாய், தாத்தா கேட்ட நுகத்தையும் தண்டையும் ஒரு குவியலிலிருந்து மூன்றே நிமிடத்தில் எடுத்துத் தந்தார். தாத்தா மரையை நகத்தால் தடவி, ஒரு நட்டை முழுக்க ஓட்டிப் பார்த்து, வளைவு இருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பார்த்து வாங்கினார். விலை ரூ.250.

“கேபிளும் இருக்குது பெரியவரே, நூத்தம்பதுதான்” என்றார் பாய்.

“கேபிள் வேணாம் பாய். உறைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

பாய் சிரித்துக்கொண்டே, “சரியாச் சொன்னீங்க. என் வண்டிக்கும் நான் புதுசுதான் போடுவேன்” என்றார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்தப் பெரிய மனத்தை நாங்கள் மறக்க மாட்டோம்.

புதிய கேபிளும் ஸ்பிரிங்குகளும் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினோம். உதிரி பாகம் விற்கும் கடைகள் வரிசையாக உள்ள தெரு அது. பழைய கேபிளைக் கையோடு எடுத்துச் சென்று, நீளத்தையும் முனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்கினோம்.

ஷூக்களைப் புதிதாக வாங்கவில்லை. ஷூ என்பது இரும்புச் சட்டம், அது தேயவில்லை. தேய்ந்தது அதன் மேலுள்ள லைனிங் மட்டுமே. பழைய லைனிங்கை எடுத்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதிய லைனிங்கை ரிவிட் அடித்துத் தரும் பட்டறையில் கொடுத்தோம். நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி ரிவிட் அடித்தார்கள். அப்போதுதான் லைனிங் ஷூவின் வளைவோடு இடைவெளியின்றிப் படியுமாம். தைக்கும்போது துணியை நடுவில் ஊசி குத்தி நிறுத்திக்கொண்டு ஓரம் நோக்கிப் போவோமே, அதே முறை! தாத்தா ஒவ்வொரு ஷூவையும் சுண்டிப் பார்த்து, தெளிவான ஓசை வந்த பிறகே வாங்கிக்கொண்டார்.

பெர்த்தா அம்மையாரும் செருப்புத் தைப்பவரும்

இதை எழுதும்போது உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணியின் நினைவு எங்களுக்கு வருகிறது. ஜெர்மனியில் மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ். கணவரின் கண்டுபிடிப்பை ஊர் நம்பாத காலத்தில், 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலே தம் மகன்கள் இருவரோடு அந்த மூன்று சக்கரக் காரில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம்! எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மலைச் சரிவுகளில் இறங்கி இறங்கி மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியைத் தேடிச் சென்று, கட்டையின் மேல் தோலை வைத்து அடிக்கச் செய்தார். பிரேக் பிடித்தது, பயணம் தொடர்ந்தது.

இன்று நாம் லைனிங் என்று சொல்வதன் முன்னோடி அந்தத் தோல்தான். கட்டை முழுவதையும் மாற்றாமல், தேய்ந்த முகத்துக்கு மட்டும் புதிய மேற்பூச்சு! 1888-ல் பெர்த்தா அம்மையார் செய்ததையே நாங்களும் ரூ.880-க்குச் செய்துகொண்டோம். ‘வண்டி வேலையில் பெண் பிள்ளைகளுக்கு என்ன வேலை?’ என்று தெருவில் ஒருவர் எங்களைக் கேட்டார். இந்த வரலாற்றைச் சொன்னோம். அவர் மறுபடி கேட்கவில்லை.

பரங்கிமலையில் ஒரு தேர்வு

பாகங்கள் அனைத்தையும் பூட்டியாயிற்று. கடைசிப் பாடம் வரிசைமுறை. முதலில் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் கம்பியை. டிரம்முக்குள் உள்ள சிறு பல்சக்கரத்தைத் திருகி, ஷூ டிரம்மில் உரசும் வரை விரித்து, பின் சக்கரம் தாராளமாகச் சுழலும் அளவுக்கு இரண்டு மூன்று பல் பின்வாங்கினார் மெக்கானிக் அண்ணன். கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து, ஷூக்கள் நடுவில் சரியாக அமரும்படி செய்தார். அதன் பின்னரே நுகத்தின் நட்டை முறுக்கினார். பிடியை இழுத்து எண்ணினோம். மூன்றாம் சத்தத்தில் சக்கரம் இலேசாக உரசியது. ஆறாம் சத்தத்தில் இரு சக்கரங்களும் ஒரேபோல் நின்றன. கையால் எவ்வளவு முயன்றாலும் சுழலவில்லை. பிடியை விட்டதும் இரண்டும் தடையின்றிச் சுழன்றன. நின்றால் மட்டும் போதாது. விட்டதும் ஓடவும் வேண்டும் அல்லவா?

ஆனால் சமதளத்தில் எழுதும் தேர்வு தேர்வாகுமா? சென்னையில் சரிவுக்கு எங்கே போவது? சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தைத் தாண்டிச் சென்றால் பரங்கிமலை இருக்கிறதே! ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள அந்தக் குன்றின் உச்சிக்கு வண்டிச் சாலையும் உண்டு. மறு ஞாயிறு அதிகாலை, ஆள் நடமாட்டம் தொடங்குமுன், பத்து மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அம்மா இரு கைகளிலும் மரக்கட்டைகளோடு வந்தார்.

சரிவில் வண்டியை நிறுத்தி, அப்பா கைப்பிரேக்கைப் போட்டு, கியரை விடுவித்து, கால் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தார். அம்மா கட்டையோடு பக்கவாட்டில் தயாராக நின்றார். வண்டி அசையவில்லை. டயரின் விளிம்பில் சாலையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டோம். போதாது என்று, எங்களில் இளையவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரித்த அப்பளம் ஒன்றைச் சக்கரத்தின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் செருகி வைத்தாள். அரை மணி நேரம் காத்திருந்தோம். கோடு கோடாகவே இருந்தது. அப்பளம் அப்பளமாகவே இருந்தது! வண்டியை மறுபக்கம் திருப்பி, இறக்கம் நோக்கி நிறுத்தியும் பார்த்தோம். அங்கும் வெற்றி. அப்பளத்தைத் தாத்தா சாப்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்ததும் டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெதுவெதுப்பு. எந்தப் பக்கமும் உரசவில்லை என்பதற்கு அதுவே சான்று. புதிய லைனிங் டிரம்மோடு படிய இரண்டு வாரமாகும் என்பதால், பதினைந்தாம் நாள் மறுபடி சத்தத்தை எண்ணினோம். ஏழாகியிருந்தது. அரைச் சுற்று முறுக்கியதும் ஆறுக்கு வந்தது. எஃப்.சி. நாளன்று பரிசோதித்த அதிகாரி பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, “பழைய வண்டின்னு சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாராம். அந்த ஒரு கேள்வியை அப்பா வீட்டில் பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். லைனிங்கும் ரிவிட் கூலியும் ரூ.880, புதிய கேபிள் ஒன்று ரூ.520, ஸ்பிரிங்குகள் ரூ.240, புதுப்பேட்டை நுகம் ரூ.250, கிரீஸ், உப்புத்தாள் முதலியன ரூ.110, மெக்கானிக் அண்ணனின் கூலி ரூ.600. மொத்தம் ரூ.2,600. மிச்சம் ரூ.6,800. தாத்தாவின் கூலியை இதில் சேர்க்கவில்லை. அதற்கு விலை போட எங்களுக்குத் தெரியாது.

தோழியருக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் காரோ, வேனோ, சரக்கு வண்டியோ இருந்தால், கைப்பிரேக் எத்தனை சத்தத்தில் பிடிக்கிறது என்று எண்ணி ஓரிடத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி எண்ணுங்கள். எண் கூடினால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். டிரம்மைக் கழற்றும் வேலை நமக்குரியதன்று. அதைத் தெரிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் எண்ணுவதற்கும் கவனிப்பதற்கும் வயது தேவையில்லை. சமதளம்தானே என்று அலட்சியம் வேண்டாம். நிறுத்திய வண்டியின் பின்னால் விளையாடும் தம்பி தங்கையருக்குச் சமதளமும் தெரியாது, சரிவும் தெரியாது.

மலிவாகச் செய்வது என்பது மட்டமாகச் செய்வது ஆகாது என்பதையும் நாங்கள் கற்றோம். நூறு ரூபாயில் முடித்திருந்தால் அது கஞ்சத்தனம். பிறர் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த பணம். எது தேய்ந்தது, எது தேயவில்லை என்று பொறுமையாகப் பிரித்தறிந்து, தேய்ந்ததற்கு மட்டும் முழு விலை கொடுப்பதே சிக்கனம். அந்தப் பிரித்தறியும் வேலைக்குப் பணம் தேவையில்லை. நேரமும் கண்ணும், தெரிந்த ஒரு பெரியவரின் துணையுமே தேவை. நம் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டியரிடம் எத்தனை தொழில் நுணுக்கங்கள் கேட்பாரின்றிக் கிடக்கின்றனவோ! நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

ஓடுவது எஞ்சினின் பெருமை. நிற்பது பிரேக்கின் பெருமை. நம் நாவுக்கும் ஆசைக்கும் கோபத்துக்கும்கூட ஆறாம் சத்தத்தில் பிடிக்கும் ஒரு கைப்பிரேக் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஓடக் கற்றுத்தரும் இந்த வயதிலேயே, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் கற்றுக்கொள்வோமாக.